யக்ஞராமன், கௌசிக கோத்ரம்

ஒன்பது தடவைதான் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தாள். வெப்சைட்டின் கோளாறுகள் பதிவாகும் எர்ரர் லாகில் பத்து வரி இருந்தது.

நீரஜா மறுபடி எண்ணினாள், இந்தத் தடவை திரையில் விரலை வைத்து, கோடு கோடாக. ஒன்பது வரிகள் காலை பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் விழுந்திருந்தன. பத்தாவது மட்டும் தனியாக, ஒன்று பத்துக்கு. ஒன்று பத்துக்கு அவள் மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கும் கிரீஷ் லஸ் முனைக்குத் தோசை தின்னப் போயிருந்தான். முதலாளி கஸ்தூரிரங்கன் வீட்டில் இருந்தார். பூட்டிய அறையின் சாவி அவள் மடியில் இருந்தது.

"நீ அழுத்தினதை நீயே மறந்திருப்பே" என்றான் கிரீஷ்.

இருக்கலாம் என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம், ஏ.சி.யின் உறுமல், கீழே பாத்திரக்கடையில் எவர்சில்வர் அண்டாவை யாரோ தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம், ஜன்னலில் தெற்கு மாட வீதியின் வெயில். பயப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது? அவளுக்குப் பயப்பட வேறு விஷயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மஹாளய அமாவாசை. அதற்கு முன்னால் அவள் எழுதிய ஸ்கிரிப்ட், அந்தச் சின்னப் புரோகிராம், ஓடியாக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஊரில் செத்துப்போன தகப்பனாரின் திதி என்றைக்கு வருகிறது என்று தெரிவதில்லை. பஞ்சாங்கம் இந்த ஊர் சூரியனைப் பார்த்துப் போட்டது. அந்த ஊர் சூரியன் வேறு நேரத்துக்கு எழுந்திருக்கிறான். ஆகவே வெப்சைட்டில் ஒரு பக்கம். இறந்தவர் பெயர், கோத்ரம், இறந்த நாள், சிராத்தம் செய்கிற பிள்ளையின் பெயர், அவன் இருக்கும் ஊர், இவ்வளவையும் நிரப்பி அழுத்தினால் இந்த வருஷம் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்று வந்து நிற்கும். கஸ்தூரிரங்கனின் யோசனை இது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் மயிலாப்பூரில் இப்படி யோசித்த ஒரே ஆள் தான்தான் என்று அவர் நம்பினார்.

கணக்கை எழுதியது நீரஜா. கறுப்புத் திரையில் அவளே கட்டளை கொடுத்து ஓட்டினால், கண் சிமிட்டும் நேரத்தில் தேதி வந்தது. அதே ஸ்கிரிப்டை இணையப் பக்கத்தின் வழியாகக் கூப்பிட்டால், சர்வர் கோளாறு என்று வெள்ளைத் திரையில் ஒரு வரி. காரணம் எளிமையானதுதான். கையால் ஓட்டும்போது அது நீரஜாவின் பெயரில் ஓடுகிறது. அவளுடைய கோப்புகள், அவளுடைய வழிகள், அவளுடைய உரிமைகள் எல்லாம் அதற்குக் கிடைக்கின்றன. இணையப் பக்கத்தை நடத்தும் சர்வர் ஓட்டும்போது அதற்கு வீடு கிடையாது, எந்தக் கதவைத் திறக்கவும் உரிமை கிடையாது. ஒவ்வொரு கதவாக அவள்தான் திறந்துவிட வேண்டும்.

முதல் கதவை அன்று காலையில்தான் திறந்திருந்தாள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுத்திருந்தாள்.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தபோது வந்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கிரீஷ் விளையாட்டாகத் தன் பழைய ஆபீஸ் மேனேஜரின் பெயரை அந்தக் கட்டத்தில் அடிக்கப் போக, கஸ்தூரிரங்கன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜீவனோட இருக்கறவா பேரை அங்க போடாதேப்பா! அபசகுனம்."

"அப்போ நெஜமாவே போனவா பேரைப் போடட்டுமா, சார்?"

"அதுவும் கூடாது. திதி இல்லாத நாள்ல அவாளைக் கூப்பிடப்படாது. கூப்பிட்டா வந்துடுவா. வந்தவாளுக்குச் சாதம் போட்டு, திரும்பிப் போங்கோன்னு சொல்லி அனுப்பணும். நீ அனுப்புவியா?"

அப்போது நீரஜாவுக்குத் தன் புத்தியை நினைத்துக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. உயிரோடும் இல்லாத, செத்தும் போகாத ஒருவரை அவள் உண்டாக்கினாள். யக்ஞராமன். அந்தப் பெயரில் அவளுக்குத் தெரிந்து ஒருவரும் கிடையாது. கோத்ரத்துக்கு விரல்கள் பழக்கத்தில் கௌசிகம் என்று தன் கோத்ரத்தையே அடித்துவிட்டன. பிள்ளையின் பெயரும் அமெரிக்க ஊரும் கேட்டபோது, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே அமெரிக்க விலாசத்தைப் போட்டாள். சாய்நாத், எடிசன், நியூ ஜெர்சி. அவள் தம்பி. பிள்ளை உயிரோடு இருக்கலாமே, அதில் என்ன அபசகுனம்? ஒவ்வொரு தடவையும் அடிக்காமல் இருக்க அதை ஒரு பதிவாகச் சேர்த்தும் வைத்தாள். மூன்று வாரத்தில் அந்தப் பெயரை, கோத்ரத்தோடும் பிள்ளையோடும், நானூறு தடவையாவது கூப்பிட்டிருப்பாள்.

ஒரு பிடி சாதம் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது கதவைத் திறந்தாள். பஞ்சாங்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியவில்லை. முழு வழியையும் எழுதிக் கொடுத்தாள். அவள் அதை நாலு தடவை ஓட்டினாள். லாகில் ஐந்து. ஐந்தாவது ஒன்று பத்துக்கு.

சாயங்காலம் இறங்கும்போது படியடியில் பூ விற்கும் பொன்மணி கூப்பிட்டாள். கதம்பத்தின் மணமும் ஈரச் சாக்கின் நாற்றமும் கலந்து அந்தப் படிக்கட்டு எப்போதும் ஒரு மாதிரியாகத்தான் மணக்கும். அன்றைக்கு அதில் இன்னொன்றும் இருந்தது. எள் வறுபடுகிற வாசனை.

"ஏம்மா, உங்க மாடிக்கு ஒரு பெரியவரு வந்துக்கினு கீறாரே, அவுரு யாரு?"

"எந்தப் பெரியவர்?"

"ஒசரமா, பஞ்சகச்சம் கட்டிக்கினு. நேத்தும் வந்தாரு, இன்னிக்கும் வந்தாரு. சோத்து நேரத்துக்கு கரீட்டா வர்றாரு. ஏறுறதைப் பாக்குறேன், எறங்குறதைத்தான் பாக்கல."

"யாராவது சாரைப் பாக்க வந்திருப்பா."

"நீ படியில குந்தி துன்னுக்கினு இருந்தியே. உன்னைத் தாண்டித்தான போனாரு" என்றாள் பொன்மணி. "நின்னு உன் டப்பாவைக்கூட பாத்தாரு."

நீரஜா ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு நடந்தாள். சித்திரக்குளம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.

வீட்டில் அப்பாவும் அவளும்தான். அம்மா போய் ஆறு வருஷம். கூடத்துச் சுவரில் சந்தன மாலை போட்ட அம்மாவின் படம், அதன் கீழே சிவப்பு விளக்கு, எதிரே அப்பாவின் சாய்வு நாற்காலி. அப்பா பெயர் சங்கரன். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் போடுகிற செருப்பை, வார் அறுந்தால் கறுப்பு நூலால் தானே தைத்துக்கொள்கிற மனுஷர். அது தரையில் இழுபடும் சத்தத்தை வைத்தே அவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று அவளால் சொல்ல முடியும்.

எட்டு மணிக்கு ரசம் ஊற்றும்போது அப்பா சிரித்தார்.

"மத்தியானம் ஒரு ஃபோன். வேடிக்கையைக் கேளு. 'இது சாய்நாத் ஆத்து நம்பரா?'ன்னான். ஆமாம்னேன். 'நான் அவனோட அப்பா பேசறேன்'ங்கறான்!"

கரண்டி அவள் கையில் நின்றது.

"நீ என்னப்பா சொன்னே?"

"நாந்தானே ஓய் அவனோட அப்பான்னேன். அப்பறம், 'ரெண்டு பேர் இருக்க முடியாதே'ன்னான். வெச்சுட்டான். ஏதோ கிராக்கு."

அன்று இரவு எல்லா ஜன்னலையும் அவளே தாழ்ப்பாள் போட்டாள். அப்பாவின் குறட்டை நிற்காமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். இந்த ஊரில் அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு ஆள். அதை அன்றைக்கு நினைத்த மாதிரி அவள் என்றைக்கும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை காலை, சட்டையின் இரண்டாவது பட்டன் அறுந்துவிட்டது என்று அப்பா வந்து நின்றார். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. நீல நூலால் தைத்தாள். சட்டை அவர் மேலேயே இருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்தபோது அவருடைய மூச்சு உச்சந்தலையில் சூடாகப் பட்டது.

"வெள்ளைச் சட்டைல நீல நூல். நன்னாருக்கு போ."

"யாரு பாக்கப் போறா? யார் வந்தாலும் கதவைத் திறக்காதேப்பா இன்னிக்கு."

"ஏண்டி?"

"சும்மா. திறக்காதே."

ஆபீஸில் மூன்றாவது கதவு மிச்சம் இருந்தது. சர்வருக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. ஸ்கிரிப்ட் எதையும் சொல்வதற்கு முன்னால் இன்ன வகைச் செய்தி வருகிறது என்று ஒரு தலைப்பு வரி சொல்லி, பிறகு ஒரு வெற்று வரி விட வேண்டும். அந்த வெற்று வரியை அவள் விடவில்லை. கையால் ஓட்டும்போது அது இல்லாவிட்டாலும் குற்றமில்லை. சர்வர் மட்டும் பிடிவாதமாக வாசலிலேயே நிறுத்திவிடும். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதெல்லாம் ஒரு வெற்று வரிக்காக என்று தெரிந்தபோது சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அவள் மனசு கேட்டது. உள்ளறையில் கஸ்தூரிரங்கன் ஃபோனில் யாருக்கோ, சாயங்காலத்துக்குள் பக்கம் ஏறிவிடும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு இருபது. வெற்று வரியைச் சேர்த்தாள். பட்டனை அழுத்தினாள்.

பக்கம் வந்தது.

மோடத்தின் பச்சை விளக்கு, ஏ.சி.யின் உறுமல், கிரீஷின் காதில் வாக்மேன் கசிகிற சத்தம், எல்லாம் அப்படியே இருக்க, சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இறங்கின. செய்பவர்: சாய்நாத். கோத்ரம்: கௌசிகம். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சங்கரன்.

நாள், இன்று. நேரம், ஒன்று பத்து.

அவள் கையால் ஓட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரை யக்ஞராமன் என்றது. மறுபடி சர்வர் வழியாக. சங்கரன். கையால், யக்ஞராமன். சர்வர், சங்கரன்.

"கிரீஷ், விளையாடறியா?"

"என்ன?"

"எங்கப்பா பேரை யார் போட்டா இங்க?"

அவன் வாக்மேனைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தான். முகம் மாறியது. "சத்தியமா நான் இல்லை, நீரஜா. எங்கம்மாமேல ஆணை."

வட்டு முழுக்க அந்தப் பெயரைத் தேடச் சொன்னாள். கம்ப்யூட்டர் கரகரவென்று மூன்று நிமிஷம் தேடியது. எந்தக் கோப்பிலும் இல்லை. சங்கரன் என்ற பெயரை யாரும் எங்கேயும் எழுதவில்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பதிவு. சாய்நாத்தின் அப்பா யக்ஞராமன் என்று அவளே எழுதிவைத்த பதிவு. ரெண்டு பேர் இருக்க முடியாதே.

அதுதான் காரணம். அதை எடுத்துவிட்டால் போயிற்று.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை புரிந்திருக்கும். பன்னிரண்டு நாற்பதுக்கு யக்ஞராமனின் பதிவை அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். சுவடில்லாமல் அழித்தாள்.

பிறகு சர்வர் வழியாக ஓட்டினாள். பதிவு எதுவும் இல்லை என்று வர வேண்டும். வந்தது சங்கரன். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தாள்.

சங்கரன்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கிரீஷ் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவனுக்கும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே பதில் வரதே. சரியாயிடுத்து போலிருக்கே."

இறந்தவர்கள் பட்டியலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை அவள் வெளியே, உயிரோடு இருப்பவர்கள் பக்கம், எடுத்துவிட்டாள். தன் கையால். அனுமதி கொடுத்து, வழி சொல்லி, வாசல் திறந்து.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்.

"ஹலோ."

"அப்பா!" அழுகை வந்துவிட்டது. "அப்பா, நான் இப்போ வரேன். நீ எங்கயும்..."

"இரு நீரு, வாசல்ல யாரோ தட்டறா. பாத்துட்டு வந்துடறேன்."

"திறக்காதே! அப்பா, திறக்காதே!"

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம். செருப்பு இழுபட்டுக்கொண்டே தூரப் போனது. கூடத்தைத் தாண்டி. ரேழியைத் தாண்டி. தாழ்ப்பாள். பிறகு ஒன்றுமில்லை. பேச்சில்லை, விழுந்த சத்தமில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ரிசீவரை எடுத்து, நிதானமாக, அதன் இடத்தில் வைத்தார்கள்.

படிகளில் தாவி இறங்கினாள். பொன்மணி தலை நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இன்னிக்கு எறங்கிட்டாரும்மா அந்தப் பெரியவரு. அப்பவே. உங்கப்பான்னு சொன்னாரு. சொல்லவே இல்லியே நீ?"

ஓடினாள். மாட வீதியில் வெயில் நெட்டுக்குத்தலாக நின்றது. மஹாளயத்துக்கு எள்ளும் தர்ப்பையும் வாங்குகிற கூட்டம். சைக்கிள் மணி. யாரோ திட்டினார்கள். செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள். சித்திரக்குளம். தெரு. வீடு.

எதிர் போர்ஷன் ஜானு மாமி வாசலில் அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி இப்படித் தலைதெறிக்க ஓடி வரே?"

"மாமி, அப்பா... அப்பா எங்கே?"

"எங்கே போவார்? உள்ளதான் இருக்கார். சாப்பிட உக்காந்துட்டார்."

அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ரசத்தின் வாசனை. தட்டில் கை படுகிற சத்தம். கதவுக்குப் பின்னால் செருப்பு இருந்தது, கறுப்பு நூல் தையலோடு. இருக்கிறார். பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.

பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உயரமாக. பஞ்சகச்சம். சோற்றுப் பாத்திரத்தையே பக்கத்தில் இழுத்து வைத்திருந்தார். உருட்டி உருட்டி, மெல்லாமல், விழுங்கிக்கொண்டிருந்தார். எள் வாசனை.

"நீருவா? வா" என்றார் திரும்பாமல். அவள் கேட்டறியாத குரல். "மாமிகிட்ட சொல்லி இன்னும் கொஞ்சம் சாதம் வாங்கிண்டு வா. ரொம்ப நாளாச்சு, சாப்ட்டு."

அவள் கண் தானாகச் சுவருக்குப் போனது. அம்மாவின் படம். சந்தன மாலை. சிவப்பு விளக்கு.

பக்கத்தில் இன்னொரு படம்.

இன்னொரு மாலை. அதுவும் பழசு, ஒட்டடை படிந்தது. சட்டத்தைச் சுற்றி, பல வருஷம் மாட்டியிருந்த தடமாகச் சுண்ணாம்பு நிறம் மாறியிருந்தது. கண்ணாடியின் ஓரங்களில் தூசி. நிறம் மங்கிய போட்டோவில் அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. இரண்டாவது பட்டனில் நீல நூல். பல்லால் கடித்த முனை பிசிராக நீட்டிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

அப்பாவின் வாய்க்கு நேரே, கண்ணாடியின் உள்பக்கத்தில், காலணா அளவுக்கு ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது. அவள் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள். அது சில்லென்று இருந்தது. விரல் இடுக்கில் ஆவி மறுபடி படிந்தது, முன்னைவிடச் சின்னதாக.